பிரெட் கவரில் வந்த காலி அட்டைகள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே சின்னவனும் படிக்க வெளியூர் போய்விட்டான், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

‘அங்கே பிரிட்டனில் ஜீனைப் பார்த்து மருந்து எழுதுகிறீர்களாமே, நிஜமா?’ என்று கேட்டிருந்தாய். அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் வரும் பெரியவர் ஒருவர், வங்கதேசத்து சில்ஹெட்காரர், தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து, ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். எட்டே மாதத்தில் மறுபடியும் வந்தது, பேச்சு குழறிப்போனது. அவர் மனைவியிடம் நான் முதலில் கேட்டது, “மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா?” என்றுதான். அந்த அம்மா பதிலே சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது ஒரு பிரெட் கவரை என் மேஜைமேல் கவிழ்த்தார். அத்தனையும் காலி மாத்திரை அட்டைகள். ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் பால்பாயிண்ட் பேனாவால் வங்காளத்தில் தேதி. ஒரு நாள்கூட விடுபடவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரியில் ஜீன் டெஸ்ட் செய்தார்கள். சிஒய்பி2சி19 என்பது கல்லீரலில் ஒரு நொதியை உண்டாக்கும் ஜீன். அதில் அப்பா வழி வந்ததும் சரி, அம்மா வழி வந்ததும் சரி, இரண்டுமே வேலை செய்யாதவை. குளோபிடோக்ரெல் விழுங்கும்போது வெறும் மூலப்பொருள்தான், அந்த நொதி மாற்றிக் கொடுத்தால்தானே அது மருந்து? அவர் உடம்பில் மாற்ற ஆளே இல்லை. இப்போது வேறு மருந்தில் இருக்கிறார்.

இது எங்கோ ஒருவருக்கு வருவது என்று நினைத்துவிடாதே. வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் இங்கே நடக்கும் ‘ஜீன்ஸ் அண்ட் ஹெல்த்’ ஆய்வு 2023இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 57 சதவீதம் பேருக்கு இந்த நொதியின் வேலை குறைவு, அல்லது அறவே இல்லை. அறவே இல்லாதவர்கள் மட்டும் 13 சதவீதம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி 2010லேயே கட்டம் கட்டி எச்சரித்துவிட்டது. பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த டெஸ்ட் செய்யுங்கள் என்று இங்கே சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு சொல்வதற்கு 2024 ஆகிவிட்டது. இடையில் எத்தனை பேரை ‘மாத்திரை போடுவதில்லை’ என்று நாம் திட்டியிருப்போம் செல்வி!

என்னைக் கேட்டால், பக்கவாதம் வந்தபிறகு பார்ப்பதே தாமதம். ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் ஏறத்தாழ 7,000 பேரிடம் பிரிப்பேர் என்ற ஆய்வு நடந்தது. 12 ஜீன்களை முன்கூட்டியே பார்த்து மருந்து எழுதியதில் பக்கவிளைவுகள் 30 சதவீதம் குறைந்தன. நோயாளிக்கு பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு கார்டும் கொடுத்தார்கள். வலிக்குக் கோடீன், கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின், மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் என்று ஜீனைப் பொறுத்து பலன் மாறும் மருந்துகளைத் தினமும் எழுதுகிறவர்கள் நாம்தானே? ஒரு தடவை பார்த்தால் ஆயுசுக்கும் போதும். ஆனால் அந்த ரிசல்ட் எங்கோ ஒரு ஃபைலில் கிடக்கக் கூடாது, நான் மருந்தை டைப் செய்யும்போது கண்முன்னால் வர வேண்டும்.

உன் கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லோராலும் இதற்குக் காசு கட்ட முடியாது, தெரியும். செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. குளோபிடோக்ரெல் போடுகிறவர்களை மருந்துப் பையைக் கொட்டிக் காட்டச் சொல். கேஸ் மாத்திரை ஒமெப்ரசோலாக இருந்தால் பான்டோப்ரசோலுக்கு மாற்றிவிடு. ஒமெப்ரசோல் அதே நொதியைத்தான் அமுக்குகிறது.

ஸ்டென்ட் வைத்தும் மறுபடி அடைத்துப்போன அந்த பஸ் டிரைவரை, ‘சொன்ன பேச்சே கேட்பதில்லை’ என்று எழுதியிருந்தாய். சர்க்கரை, சிகரெட் என்று அவருக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஜீன்தான் என்று நான் சாதிக்கவில்லை. அவருக்கு மட்டுமாவது டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாரேன். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
மீனா