அந்தப் பச்சையைத் தொடாதே

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். 1970ஆம் ஆண்டின் டாட்ஜ் சேலஞ்சர், அதிலும் வேகத்துக்கான ஆர்/டி வகை. கரும்பச்சை. அரிசோனாவின் டூசானில் ஒரே குடும்பத்திடம் இத்தனை காலம் இருந்த வண்டி. வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கியதும் கத்தரிப்பூ நிறத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்துவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் தொலைபேசியில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. நீ ஆசைப்படுவது சரியான வண்டி. இங்கே டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் தொழிற்சாலையில் செய்ததாகத்தான் இருக்கும். போலந்துக்காரர்கள் நிறைந்திருந்த சிறு நகரம் அது. 1968இல் அந்தத் தொழிற்சாலையின் கறுப்பினத் தொழிலாளர்கள் அசெம்பிளி வரிசையின் வேகத்தையும் பாகுபாட்டையும் எதிர்த்துத் தங்களுக்கென ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அந்த வேகத்தில் வேலை செய்த கைகள்தாம் உன் வண்டியையும் பூட்டின. 1980இல் தொழிற்சாலையை மூடினார்கள், பிறகு இடித்தும் விட்டார்கள். உன் வண்டியின் இடுக்குகளில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்டைத் தாராளமாக அப்பியிருப்பதும், கதவின் இடைவெளி ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக இருப்பதும் குறை என்று நினைக்காதே. அவை அந்த இடத்தின் கையெழுத்து.

இனி பெயிண்ட். வாழ்நாள் முழுவதும் பெயிண்ட் ஆய்வகத்தில் வேலை செய்தவள் உன் அம்மா. இதில் நான் சொல்வதைக் கேள்.

அந்தக் காலத்தில் டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் தன் வண்டிகளுக்கு அக்ரிலிக் எனாமலைப் பூசிச் சூளையில் சுட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்தியது அக்ரிலிக் லாக்கர். இன்றைய வண்டிகளில் நிறத்துக்கு மேல் கண்ணாடிபோல் ஒரு தெளிந்த பூச்சு இருக்கிறதே, அது அன்று கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில். சூளையில் சுட்ட எனாமலை வெயிலில் சாய்வாகப் பார்த்தால் சிறு சிறு மேடுபள்ளங்கள் தெரியும். தொழிலில் அதை ஆரஞ்சுத் தோல் என்போம். எழுபதுகளின் டாட்ஜ் ஒன்று குளத்து நீர்போல வழவழவென்று மின்னினால், பின்னாளில் யாரோ மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

உன் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எட்டாவது படம். ஓட்டுநர் கதவின் மேல் விளிம்பு. ஜன்னலை இறக்கிவிட்டு முழங்கையை ஊன்றி ஊன்றி, ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை மெலிந்து அடியிலுள்ள பிரைமர் தெரிகிறது. தேய்ந்த இடத்தின் ஓரம் படிப்படியாக மங்குகிறது. பட்டி பார்த்துப் புதுப்பித்த வண்டியில் தேய்மானம் இப்படி மங்காது, விளிம்பு விளிம்பாக உரியும். இது அசல் பெயிண்ட் என்று என் அனுபவம் சொல்கிறது. அதை நேரில் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. பெயிண்ட் கனத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று விலைக்குக் கிடைக்கும், வாங்கிக்கொள். ஒவ்வொரு தகட்டிலும் நாலைந்து இடத்தில் வைத்துப் பார். ஏறத்தாழ 100 மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தொடங்கி 150 வரை காட்டினால் பெரும்பாலும் தொழிற்சாலைப் பூச்சு. திடீரென்று ஓரிடத்தில் 500, 1000 என்று ஏறினால் அங்கே பட்டி இருக்கிறது, பட்டிக்கு அடியில் துருவோ விபத்தோ இருக்கிறது. பின்சக்கர வளைவுக்குக் கீழும், முன் மட்கார்டில் சக்கரத்துக்குப் பின்னாலும் மறக்காமல் அளந்து பார்.

கிரைஸ்லர் வண்டிகளில் பானெட்டுக்கு உள்ளேயும் உடலின் நிறமே இருக்கும். வெளியே நிறம் மாற்றுகிறவர்கள் எஞ்சினைக் கழற்றி உள்ளே பூச அலுப்புப்பட்டு விட்டுவிடுவார்கள். எனவே எஞ்சின் இருக்கும் அறை, டிக்கியின் உட்புறம், கதவைத் திறந்தால் தெரியும் தூண், தரைவிரிப்புக்கு அடியில் என்று எல்லா இடத்திலும் அதே பச்சை இருக்கிறதா பார். இடப்பக்க உள்மட்கார்டில் ஒரு சிறு தகடு திருகப்பட்டிருக்கும். அதில் இஎஃப்8 என்ற நிறக் குறியீடு இருந்தால் வண்டி பிறந்த நிறமே இந்தக் கரும்பச்சைதான்.

கத்தரிப்பூ நிறத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பிளம் கிரேஸி என்று டாட்ஜ் பெயர் வைத்த நிறம், 1970இன் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதனாலேயே பழுப்பிலும் பச்சையிலும் வெளிவந்த எத்தனையோ வண்டிகளைச் சுரண்டி அந்த நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்று சந்தையில் கத்தரிப்பூ நிறச் சேலஞ்சருக்குப் பஞ்சமில்லை. சுரண்டப்படாத பச்சைக்குத்தான் பஞ்சம்.

தமிழ்நாட்டில் பழைய கோயில்களை மணல் வீச்சால் சுத்தம் செய்தார்களே, நினைவிருக்கிறதா? கல் பளிச்சென்று ஆனது, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின. பிறகு அந்த முறைக்குத் தடை வந்தது, ஆனால் போன எழுத்து போனதுதான். உன் வண்டியிலும் எழுத்துகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் சோதனை செய்தவர் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் மெழுகுக் கோலால் கிறுக்கியது, முறுக்கிவிட்ட போல்ட்டின்மேல் தடவிய ஒரு பொட்டுப் பெயிண்ட், அடிப்பாகத்தில் சிதறிய வண்ணத் தூவல். அவற்றைப் பார்த்துத்தான் எழுபதுகளில் ஒரு வண்டி எப்படி உருவானது என்று அறிய முடிகிறது. பட்டறையில் ஒரு வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எல்லாம் போய்விடும்.

சரி, எண்களுக்கு வருகிறேன். இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். முன்கண்ணாடி வழியாகத் தெரியும் டேஷ்போர்டு எண்ணை எனக்குப் படமெடுத்து அனுப்பு. அது ஜேஎஸ்23 என்று தொடங்கினால் உண்மையான ஆர்/டி. ஜேஎச்23 என்று தொடங்கினால் சாதாரணச் சேலஞ்சரில் ஆர்/டி எழுத்தைப் பிற்பாடு ஒட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது இடத்திலுள்ள எழுத்து எஞ்சினைச் சொல்லும். என் என்றால் 383 கன அங்குல மேக்னம், அன்றைய கணக்கில் 335 குதிரைத்திறன். ஆர் என்றால் 426 ஹெமி, அது நம் கைக்கு எட்டாத விலை. அடுத்து வரும் 0 ஆண்டைக் குறிக்கும், பி என்பது ஹாம்ட்ராம்க். அதே வரிசை எண்ணின் கடைசிப் பகுதியை ரேடியேட்டர் தாங்கும் சட்டத்திலும் எஞ்சின் பிளாக்கிலும் கியர்பெட்டியிலும் குத்தியிருப்பார்கள். டார்ச்சும் துணியும் எடுத்துப் போ, அழுக்கைத் துடைத்துப் படி. நான்கும் ஒத்துப்போனால் எஞ்சின் மாறவில்லை. உரிமைப் பத்திரத்திலுள்ள எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடு. பின் இருக்கையின் ஸ்பிரிங்குக்குள் மடித்துச் செருகிய ஒரு தாள் இருக்கிறதா என்று விற்பவரிடம் அனுமதி கேட்டுப் பார். இந்த வண்டியில் என்னென்ன பூட்ட வேண்டும் என்று தொழிற்சாலை அச்சிட்ட தாள் அது. எலி கடித்த பாதித் தாளாக இருந்தாலும் பத்திரமாக வை.

மீட்டரில் 41 ஆயிரம் மைல் காட்டுகிறது என்று மகிழ்ந்திருக்கிறாய். அந்த மீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் இடது ஓரம், ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் இவற்றின் தேய்மானம்தான் உண்மையைச் சொல்லும். ஒரு லட்சத்து 41 ஆயிரமாக இருந்தாலும் வண்டியை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைத்துப் பேசு.

அரிசோனா வண்டி என்பது பெரிய வரம். எங்கள் மிச்சிகன் குளிரில் பனியைக் கரைக்கச் சாலையெங்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது, கேட்பானேன்! இந்த வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் வந்து மாட்டும் குறுக்குச் சட்டமும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடமும் உளுத்துவிட்டால் வண்டி முடிந்தது. லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே நின்று திருப்புளியால் அழுத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. வினைல் உறை போர்த்திய கூரை என்றால் அதன் அடியிலும், பின்கண்ணாடியின் கீழ் மூலைகளிலும் தண்ணீர் தேங்கித் துரு பிடித்திருக்கும். டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் ஊர் வெயில் இரும்பைக் காக்கும், ரப்பரையும் டேஷ்போர்டையும் வெடிக்க வைக்கும். அவற்றைப் புதிதாக மாற்றலாம், அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், டயர் மூன்றையும் எப்படியும் மாற்றியாக வேண்டும். டயர் பார்ப்பதற்குப் புதிதாக இருக்கும். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய ரப்பர் குழாய்களுக்கு இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகாது, கசிந்து சூடான எஞ்சின்மேல் சொட்டினால் தீப்பிடிக்கும்.

நீ போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை நெடுநேரம் நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. ஈயத்தைச் சாலை வண்டிகளுக்கு 1996 ஜனவரி 1 முதல் அமெரிக்கா முற்றிலும் தடை செய்தது, வேதியியல் படித்தவளாக அந்தத் தடையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். குழந்தைகளின் மூளையைவிட எந்த எஞ்சினும் பெரிதல்ல. மிதமாக ஓட்டினால் வால்வுகளுக்கு ஒன்றும் ஆகாது. எப்போதாவது எஞ்சினைப் பிரித்தால் கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்தச் சொல். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தேயாமலிருக்கத் துத்தநாகம் கூடுதலாக உள்ள எஞ்சின் எண்ணெய் ஊற்று.

இந்த வண்டிகளின் காலம் ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று போன முறை கேட்டாய். 1970 டிசம்பர் கடைசி நாளில் தூய காற்றுச் சட்டம் கையெழுத்தானது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியது. காப்பீட்டு நிறுவனங்கள் இளைஞர்களிடம் கட்டணத்தை ஏற்றின. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அந்த முதல் தலைமுறைச் சேலஞ்சர் 1974இல் நின்றுபோனது. ஐந்து மாதிரி ஆண்டுகள், அவ்வளவுதான். உன்னுடையது அவற்றில் முதலாவது.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்று எழுதியிருக்கிறாய். கண்ணா, இதைக் கவனமாகக் கேள். ஏர்பேக் கிடையாது. இன்றைய வண்டி நிற்கும் இடத்தில் இது நிற்காது. முன்னால் டிஸ்க் பிரேக் மாற்றுவதென்றால் மாற்றிக்கொள், அசல் பாகங்களை எண்ணெய் தடவி அட்டைப்பெட்டியில் போட்டு வை. அசல் அசல் என்று இவ்வளவு எழுதிய நானே இதைச் சொல்கிறேன். நீ பத்திரமாக வீடு திரும்புவது எனக்கு எல்லாவற்றுக்கும் மேல்.

காப்பீட்டை, வண்டிக்கு எவ்வளவு மதிப்பு என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொள்ளும் வகையில் எடு. சாதாரணக் காப்பீட்டில் ஐம்பது ஆண்டுப் பழைய கார் என்று சொல்லி ஒன்றுமில்லாமல் செய்துவிடுவார்கள்.

வாங்கினால் ஓட்டு. மூடிவைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களோடு சேராதே. ஆகஸ்டில் உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளின் ஊர்வலம் நடக்கும்போது ஒரு முறையாவது இங்கே கொண்டுவா. குளிர்காலத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

டேஷ்போர்டு எண், உள்மட்கார்டுத் தகடு, எஞ்சின் பிளாக்கில் குத்திய எண், டிக்கித் தரை. இந்த நான்கு படங்களும் சனிக்கிழமைக்குள் வேண்டும். முன்பணம் எதுவும் அதற்கு முன் கொடுக்காதே. பெயிண்ட் கடைக்காரரிடம் நாள் குறித்திருந்தால் இன்றே அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா