செயலாளரின் ஆண்டறிக்கை: ரீமாஸ்டர் ஒப்பீட்டு அமர்வுகளும் சந்தா நிலுவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் செயற்குழுவில் வாசித்து ஏற்கப்பட்டன. மாதாந்திரக் கேட்பு அமர்வுகள் வழக்கம்போல் நடந்தன. புத்தாண்டு ஒன்றுகூடலும் நடந்தது. கேசட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது. இசைத்தட்டு அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. காரணம் பின்னால் வருகிறது.

இனி ஒப்பீட்டு அமர்வுகள். ஒரே ராக் ஆல்பம் எல்.பி. இசைத்தட்டில் நன்றாக இருக்கிறதா, சிடியிலா, சிடியைவிடக் கூடுதல் ஒலித்தகவல் கொள்ளும் எஸ்ஏசிடி வட்டிலா என்று மாதந்தோறும் நடக்கும் வாக்குவாதத்துக்கு ஒரு ஒழுங்குமுறை வேண்டும் என்று தீர்மானம் போட்டது இதே சபைதான். அன்று கை தூக்கியவர்களில் பாதிப் பேரை அதற்குப் பிறகு அமர்வில் காணவில்லை. பொறுப்பு செயலாளர் தலையில் விழுந்தது. எனவே இந்தப் பகுதி சற்று நீளும், பொறுத்தருளவும்.

வடிவத்தால் வரும் வேறுபாடு என்று நாம் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி மாஸ்டரிங்கால், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கி 'மாஸ்டர்' என்னும் மூலப்பிரதியைத் தயாரிக்கும் வேலையால், வருவது. அதை மறுபடி செய்வதே ரீமாஸ்டர். பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 2003-இல் ஹைபிரிட் எஸ்ஏசிடியாக வந்தது. ஒரே வட்டில் சிடி அடுக்கும் எஸ்ஏசிடி அடுக்கும் உண்டு. பிளேயரில் பொத்தானை அழுத்தி இரண்டையும் மாற்றிக் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, எஸ்ஏசிடி எப்படி மூச்சு விடுகிறது!" என்பது நம் சங்கத்தில் பழைய வழக்கம். ஆனால் அந்தச் சிடி அடுக்கு எஸ்ஏசிடியின் ஸ்டீரியோ அடுக்கைவிட அதிகம் அமுக்கப்பட்டது, அதாவது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளி குறைக்கப்பட்டது. அங்கே ஒப்பிடப்படுவது இரண்டு மாஸ்டர்கள், இரண்டு வடிவங்கள் அல்ல. மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' 2008-இல் சிடியாக வந்தபோது, அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் நெரிசல் இல்லாமல் ஒலித்ததை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். சிடியால் அந்த ஒலியைத் தாங்க முடியாது என்பதல்ல. சத்தத்தைக் கூட்டவே அப்படி அமுக்கினார்கள்.

ஆகவே வடிவத்தை மட்டும் சோதிக்க இப்படிச் செய்தோம். எஸ்ஏசிடி பிளேயரின் அனலாக் வெளியீட்டை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தோம். உச்சம் முழு அளவுக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். அந்தப் பதிவையே டித்தர் (பிட் குறைக்கும்போது வரும் சிதைவை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்து 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அதுதான் அதன் சிடித் தரம். இந்த இரண்டையும் ஃபூபார் 2000 என்னும் கணினிப் பிளேயரில், குருட்டுச் சோதனைக்கான ஏபிஎக்ஸ் செருகியில் போட்டு, எது எது என்று தெரியாமல் 16 சுற்று கேட்க வேண்டும். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால்தான் கணக்கு; குருட்டாம்போக்கில் 12 கிடைப்பதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. நம்மில் யாரும் 12-ஐத் தொடவில்லை. இது நம் காதுகளுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அல்ல. மேயர், மோரன் இருவரும் 2007-இல் வெளியிட்ட பாஸ்டன் சோதனையில், உயர்தர வட்டுகளின் ஒலியைச் சிடித் தரத்தின் வழியாகச் செலுத்தியும் செலுத்தாமலும் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 முறைதான் சரியான விடை. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

வெவ்வேறு மாஸ்டர்களை ஒப்பிடும்போது முதல் வேலை ஒலியளவைச் சமன் செய்வது. சற்றே உரக்க ஒலிப்பது காதுக்கு எப்போதும் 'தெளிவாக'த் தோன்றும். அரை டெசிபல் போதும். ஒரே பகுதியை ஒரு நிமிடம் வெட்டி, அதன் சராசரி ஒலியளவை, காது உணரும் உரப்பைக் காட்டும் எல்.யு.எஃப்.எஸ். அளவில் எடுத்து, வேறுபாட்டை 0.1 டெசிபலுக்குள் கொண்டுவர வேண்டும். உரத்ததைக் குறைக்க வேண்டுமே தவிர மெல்லியதைக் கூட்டக் கூடாது. கூட்டினால் உச்சங்கள் வெட்டுப்படும். இந்தச் சமன் வேலையைச் சிலர் "ஆல்பத்தின் உயிரை எடுப்பது" என்று வர்ணித்தார்கள். நாம் குறைத்தது வால்யூமை மட்டும் என்பதைப் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

எல்.பி. விஷயம் இன்னும் சிக்கல். முதல் தடை கரகரப்பு: அது கேட்ட மாத்திரத்தில் எது எல்.பி. என்று காட்டிக்கொடுத்துவிடும், பிறகு குருட்டுச் சோதனை எங்கே? எனவே எல்.பி.யை எல்.பி.யோடு, ஒரே ஆல்பத்தின் ஒரு பதிப்பு அச்சை இன்னொன்றோடு வைத்துத்தான் ஒப்பிட்டோம். டர்ன்டேபிளின் வேகத்தை 3150 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியால் சரிபார்க்க வேண்டும். 0.3 சதவீதம் வேகமாகச் சுழன்றாலே மூன்று நிமிடப் பாடலில் அரை நொடிக்கு மேல் விலகிவிடும், சுருதியும் கூடும்.

ஆல்பத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985-இல் வந்தபோது சிடி சுமார் 55 நிமிடம், எல்.பி. சுமார் 47 நிமிடம்தான். சில பாடல்கள் தட்டில் சுருக்கப்பட்டவை. தலைப்புப் பாடல் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வருகிறது. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பள்ளம் ஓடுகிறது. உள் ஓரத்தில் 21-தான். அதே உச்ச ஒலியை அரைக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டியிருப்பதால், சாதாரண ஊசியில் 'ஸ்' ஓசைகள் எச்சில் தெறிப்பது போல் கேட்கும். இதைக் கேட்டுவிட்டு "ரீமாஸ்டர் மோசம்" என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

டைனமிக் ரேஞ்ச் மீட்டர் (ஒலியின் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை அளப்பது) காட்டும் எண்களை அச்சடித்துக் கொண்டுவரும் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். ஒரே மாஸ்டரிலிருந்து செய்த எல்.பி.யும் சிடியும்கூட அந்த மீட்டரில் மூன்று நான்கு எண் வேறுபட்டுக் காட்டும். வெட்டிவிட்டுத் தட்டையாக்கிய அலைமுகடுகள், தட்டில் வெட்டப்பட்டுத் திரும்ப வாசிக்கப்படும் வழியில் கட்டம் (அலைகளின் கால ஒத்திசைவு) மாறிச் சாய்ந்துவிடுகின்றன. உச்சம் உயர்கிறது, சராசரி அப்படியே இருக்கிறது, மீட்டர் ஏமாறுகிறது. காதுக்குக் கேட்கும் நெரிசல் போய்விடவில்லை.

இனி ஊசி. ஊசியைத் தாங்கும் நம் கார்ட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா விஎம்95 வகை, நீள்வட்ட முனை. அழுத்தம் 1.8 முதல் 2.2 கிராம், நாம் வைப்பது 2.0. தட்டு தேயக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் யாரோ அதை 1.2-க்குக் குறைத்திருந்தார்கள். அழுத்தம் குறைந்தால் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டுத் துள்ளித் துள்ளி மோதும், தட்டுக்கு அதுதான் பெருங்கேடு. அழுத்தத் தராசு மேசையின் வலது இழுப்பறையில் இருக்கிறது. தட்டின் உயரத்திலேயே வைத்து அளக்க வேண்டும். இந்த முனைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் சுமார் 300 மணி. எத்தனை மணி ஓடியது என்று எழுத ஒரு நோட்டு வைத்தேன். பெரும்பாலான பக்கங்கள் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. ஒலியைக் கேட்டால் 300 எப்போதோ தாண்டிவிட்டது.

இரவல் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கையொப்பம் இடாமல் எடுத்துச் செல்லப்பட்ட தட்டுகள் சில இன்னும் திரும்பவில்லை. திரும்பியவற்றில் ஒன்று வெயிலில் கிடந்து வளைந்திருந்தது. பூட்டுக்குக் காரணம் இதுவே. பெயர் சொல்வதில்லை என்று செயற்குழுவில் முடிவானது. அந்த முடிவுக்கு நான் கட்டுப்படுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வாடகை, மின்கட்டணம், எஸ்ஏசிடி பிளேயரின் லென்ஸ் பழுது ஆகியவை போக மீதம் இருக்கிறது. பெருமையாகச் சொல்லும்படி இல்லை. சந்தா நிலுவை கையிருப்பைவிட அதிகம். நிலுவை வைத்திருப்பவர்களே ஒலித்தரம் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்பது தற்செயலாக இருக்கலாம்.

கூடத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்களுக்கும், தங்கள் சொந்த அச்சுகளைக் கொண்டுவந்து கொடுத்த மூத்த உறுப்பினர்களுக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்தவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டுக்கு பீட்டில்ஸ் தட்டுகளை எடுக்க எண்ணம். 2012-இல் வந்த ஸ்டீரியோ எல்.பி.கள் டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டப்பட்டவை. 2014-இன் மோனோ எல்.பி.கள் அனலாக் நாடாவிலிருந்தே வெட்டப்பட்டவை. குரலையும் கருவிகளையும் கலந்த கலவையே வேறு என்பதால் இவற்றை ஒன்றோடொன்று மோதவிட முடியாது. மோனோ எல்.பி.யை 2009 மோனோ சிடியோடுதான் வைக்க வேண்டும், இரண்டு சேனலையும் ஒன்றாக்கிக் கேட்க வேண்டும். ஒன்றாக்கினால் ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் தட்டின் இரைச்சல் பெருமளவு அடங்கும். இதற்கு இப்போதைய ஊசி உதவாது. அதே கார்ட்ரிட்ஜில் பள்ளத்தை நுணுக்கமாகத் தொடும் மைக்ரோலைன் முனையைச் செருகிக்கொள்ளலாம். ஆயுள் 1000 மணி, உள் ஓரத் தொல்லையும் குறையும். விலையைப் பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நிலுவைப் பட்டியலை எடுத்துக் காட்டினார்; அதில் முதல் சில பெயர்கள் மட்டும் கட்டிவிட்டாலே ஊசி வந்துவிடும்.

செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு சாவியை ஒப்படைப்பேன். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்