ஜீப் தேடும் நேரத்தில் நெஞ்சை அழுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியில் யாராவது சுருண்டு விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் முதலில் தேடுவது ஜீப்பைத்தான். ஆஸ்பத்திரி தூரமாயிற்றே என்ற பதற்றம். ஆனால் இதயம் நின்றுபோனவருக்கு அந்தப் பயணமே ஆபத்து. ரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கும். நெஞ்சை அழுத்தித்தான் ரத்தத்தை ஓடவைக்க வேண்டும். ஓடும் வண்டியின் பின் சீட்டில் கிடத்தி அழுத்தினால் சீட்தான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அழுத்துபவரே சரிந்துவிடுவார்.

விழுந்த இடத்திலேயே தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நாடி தேட வேண்டாம். குளிரில் மரத்த விரலுக்கு அது தட்டுப்படாது. பலரும் ஏமாறுவது ஒன்றில்தான்: இதயம் நின்ற பிறகும் சில நிமிடம், குறட்டை போன்ற சத்தத்தோடு விட்டு விட்டு ஒரு இழுப்பு வரும். "மூச்சு இருக்கே" என்று நின்றுவிடுகிறார்கள். அது மூச்சல்ல. நெஞ்சு வலிக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பவருக்கோ அழுத்தக் கூடாது. உட்காரவைத்து 108-ஐ அழைத்தால் போதும்.

108-ஐ அழைத்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். கட்டிலில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். தேயிலைத் தோட்டச் சரிவென்றால் சரிவுக்குக் குறுக்காகக் கிடத்துங்கள். ஜெர்கின் ஜிப்பைத் திறந்து ஸ்வெட்டரை மேலே தூக்கிவிடுங்கள். கம்பளிக்கு மேலேயே அழுத்தினால் நெஞ்சு எவ்வளவு இறங்குகிறதென்று கைக்குத் தெரியாது, இடமும் தவறி வயிற்றில் விழும்.

நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மறு கை. முழங்கை மடங்காமல் உடல் எடையை இறக்குங்கள். பெரியவர்களுக்கு ஆழம் 5 செ.மீ., 6-ஐத் தாண்ட வேண்டாம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழ வேண்டும், அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். களைத்தவர்கள் தம்மையறியாமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்துகொள்கிறார்கள். பயிற்சியில் நாங்கள் அதிகம் திருத்துவது இதைத்தான். ஆகவே களைப்பு தெரியாவிட்டாலும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டாலும் நிறுத்தாதீர்கள். பயிற்சி உள்ளவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம், மற்றவர்கள் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். தண்ணீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் மூச்சு அவசியம். அணையிலிருந்து எடுத்த உடல் சில்லிட்டிருப்பதை மட்டும் வைத்துக் கைவிட்டுவிடாதீர்கள்.

வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கையில் சாவி திணிப்பதால் நேரம்தான் போகும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, ஊட்டி பஸ் நிலையம் என்று சீசனில் கூட்டம் நெரியும் இடங்களில், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி கண்ணில் படும்படி இருக்க வேண்டும். என்ன செய்ய வேண்டுமென்று கருவியே குரல் கொடுத்துச் சொல்லும். நெஞ்சில் ஒட்டும் அதன் இரண்டு பட்டைகளில் ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே. மழையில் நனைந்த நெஞ்சைத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். கருவியை மேலாளர் அறையில் வைத்துப் பூட்டினால் பயனில்லை. டிக்கெட் கவுன்டர் அருகே பூட்டில்லாத பெட்டியில் வையுங்கள். பட்டைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, பேட்டரியும் தீரும். இரண்டையும் மாதந்தோறும் பார்க்க ஒரு ஊழியரைப் பொறுப்பாக்குங்கள்.

– முதலுதவி கற்பிக்கும் செவிலியர்கள், கோத்தகிரி