பொருள்: உங்கள் பைபாஸ் கொழுப்பு மாவு கொடுத்ததில் கறவை மாடு தீவனத்தை ஒதுக்கி, பாலும் குறைந்தது – புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகும் வழியில் உள்ள சிற்றூரில் மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். என் ஜெர்சி கலப்பு மாடு செவலை, மாசி மாதம் மூணாம் ஈத்து ஈன்றாள். ஈன்ற 12-ஆம் நாள், ராமநாதபுரத்துத் தீவனக் கடை ஒன்றில் உங்கள் பைபாஸ் கொழுப்பு மாவு 5 கிலோ பையை 1,100 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. கன்று போட்ட மாட்டுக்குப் பால் சீக்கிரம் ஏறிவிடும், தீனி எடுப்பது மெதுவாகத்தான் ஏறும். அந்த இடைவெளியில் மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. அதை ஈடுகட்டத்தான் தீவனத்தோடு இந்தக் கொழுப்பு மாவைக் கொடுப்பது. எங்கள் கடற்கரையில் இது இன்னும் கஷ்டம். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதனால் காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் மாட்டுக்கும் காட்டுகிறோம். பங்குனி பிறந்தால் பசும்புல்லைப் பார்க்க முடியாது. வைக்கோலும் தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான். போன வருடம் இன்னொரு மாடு ஈன்ற மூன்றாம் வாரம் படுத்துவிட்டது. அதன் மூச்சில் ஒரு மாதிரி இனிப்பு வாடை அடித்தது. உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் கீட்டோசிஸ் நோய் என்று சொல்லி டாக்டர் குளுக்கோஸ் ஏற்றித்தான் எழுப்பினார். செவலைக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் உங்கள் பையை நம்பினேன்.

கடையில் உங்கள் விற்பனைப் பிரதிநிதியும் இருந்தார். முதல் நாளிலிருந்தே தினம் 200 கிராம் போடுங்கள், பத்து நாளில் இரண்டு லிட்டர் கூடும் என்றார். அப்படியே தவிட்டில் கலந்து வைத்தேன். மூன்றாம் நாள் தொட்டியில் பாதித் தீவனம் மிச்சம். சாணம் கழிச்சலாகப் போனது. அசை போடுவதும் குறைந்தது. 11 லிட்டர் கறந்தவள் ஐந்தாம் நாள் 8 லிட்டருக்கு வந்துவிட்டாள். பால் சங்கத்தில் பார்த்த ஃபேட், அதாவது பாலின் கொழுப்பு, 4.2 சதவீதத்திலிருந்து 3.5 ஆனது. ஃபேட்டும் எஸ்.என்.எஃப்-பும் (கொழுப்பு நீங்கலான மற்ற திடச்சத்து) பார்த்துத்தான் எங்களுக்குக் காசு என்பது உங்களுக்கும் தெரியும். ஆறு நாளோடு மாவை நிறுத்தினேன். அதன் பிறகு பத்து நாள் ஆகி, இப்போது 10 லிட்டர் வரைக்கும்தான் திரும்பியிருக்கிறாள்.

வெயிலாக இருக்கலாம் என்று உங்கள் தொலைபேசி மையத்தில் சொன்னார்கள். அதே தொழுவத்தில், அதே வைக்கோலும் தண்ணீரும் எடுக்கிற மற்ற இரண்டு மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்கு உங்கள் மாவு போடவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

கால்நடை மருந்தகத்து டாக்டர் அம்மாவிடம் பையைக் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல பைபாஸ் கொழுப்பு என்பது கால்சியத்தோடு சேர்த்துக் கட்டிய கொழுப்பு. அசை போடும் முதல் வயிற்றில் கரையாமல் தாண்டிப்போய், புளிப்பு அதிகமான நாலாம் வயிற்றில்தான் பிரியும். கட்டாத கொழுப்பு அதிகமாக உள்ளே போனால் வைக்கோல் நாரின் மேல் படிந்துவிடும், நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்களையும் முடக்கிவிடும். மாடு தீவனத்தை ஒதுக்குவதும் ஃபேட் இறங்குவதும் அதனால்தான் என்று பொறுமையாக விளக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் கொதிநீரில் உங்கள் மாவு ஒரு கரண்டி போட்டுப் பார்த்தேன். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. ஆறியபின் டம்ளர் ஓரத்தில் மெழுகு போல ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டில் வாங்கியிருந்த வேறொரு நிறுவனத்து மாவையும் அதே போல் போட்டேன். அது குருணையாகவே கிடந்தது, எண்ணெய் பிரியவில்லை. இது ஆய்வகச் சோதனை அல்ல என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் முறையான சோதனை வேண்டும் என்று கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையின் பின்புறம் சிறிய எழுத்தில், சிறிது சிறிதாக அளவைக் கூட்ட வேண்டும் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டிருக்கிறது. என் மகள் படித்துச் சொல்லித்தான் அது எனக்கே தெரிந்தது. தமிழில் ஒரு வரிகூட இல்லை. முன்பக்கத்தில் "அதிக பால்" என்பதை மட்டும் தமிழில் பெரிதாக அச்சடிக்கத் தெரிந்த உங்களுக்கு, கொடுக்கும் முறையைத் தமிழில் போட ஏன் மனம் வரவில்லை? உங்கள் ஆளே அதற்கு மாறாகச் சொல்லும்போது நாங்கள் எதை நம்புவது?

மாடு பழக ஒரு மாதம் ஆகும், தொடர்ந்து கொடுங்கள் என்றும் தொலைபேசியில் சொன்னார்கள். பால் உச்சத்துக்கு ஏறுகிற நாட்களே ஈன்ற முதல் ஆறேழு வாரம்தான். அந்த உச்சத்தில் ஒரு லிட்டர் குறைந்தால் அந்த ஈத்து முழுக்கச் சுமார் 200 லிட்டர் போய்விடும் என்பார்கள். ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வது பால்மாடு வைத்திருப்பவரிடம் சொல்கிற பேச்சா?

பையில் மூன்றரை கிலோவுக்கு மேல் மீதி இருக்கிறது. கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆளும் நானும் இருக்கும்போதே மாதிரி எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். உங்கள் சொந்த ஆய்வக முடிவை ஏற்க மாட்டேன். முடிவு வரும்வரை இதே பேட்ச் பைகளைக் கீழக்கரை, உச்சிப்புளி, ராமநாதபுரம் கடைகளில் விற்காமல் நிறுத்துங்கள். மாவின் விலை, வைத்தியச் செலவு 650 ரூபாய், இந்த 16 நாளில் குறைந்த 30 லிட்டர் பாலுக்கான தொகை ஆகியவற்றைத் தர வேண்டும். இனி அச்சாகும் பைகளில் அளவும் கொடுக்கும் முறையும் தமிழில் இருக்க வேண்டும்.

ரசீது, பையின் இரு பக்கப் படங்கள், சங்கத்துப் பால் அட்டை நகல், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை ஒன்பது மணிக்கு மேல் அனுப்புங்கள். அதற்கு முன்னால் கறவையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுவதுமாக இருப்பேன்.

இப்படிக்கு,
செவலையை வளர்ப்பவள்
திருப்புல்லாணி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்