பியாட்ரிஸின் கூடை

அன்பு மகளுக்கு,

ஃபிளாரன்ஸில் ஒரே நாள்தான் என்றாய். கதீட்ரலைப் பார்த்த கையோடு கவிஞர் தாந்தேயின் சின்ன சர்ச்சுக்கும் போய்விட்டு வா. சாந்தா மார்கரீத்தா தெய் செர்கி என்று பெயர். கதீட்ரல் சதுக்கத்திலிருந்து கால்சாயுவோலி தெருவில் தெற்கே நட. இடப்பக்கம் கோர்சோ தெரு பிரியும். அதில் வலப்பக்கம் திரும்பும் ஒடுக்கமான சந்துதான் சாந்தா மார்கரீத்தா தெரு. சந்தின் கடைசியில் இருக்கும் 'தாந்தே வீடு' 20ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கட்டடம், டிக்கெட் வாங்கிப் போகும் அருங்காட்சியகம். பலர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சர்ச் அதற்கு முன்பே வந்துவிடும். வெறும் கல்சுவர் என்பதால் கண்ணில் படாது. 1032லேயே ஆவணத்தில் பெயர் வந்த கோவில் அது!

இத்தாலியில் சின்னக் கோவில்களை மதியம் சாத்திவிடுவது வழக்கம், காலையிலேயே போ. உள்ளே இருட்டாக இருக்கும். கண் பழகும்வரை பெஞ்சில் உட்கார். பீடத்தில் நேரி தி பிச்சி வரைந்த மாதாவும் நான்கு பெண் புனிதர்களும் அப்புறம்தான் துலங்குவார்கள்.

இடப்பக்கம் ஒரு கூடை இருக்கும். அது நிறைய மடித்த சீட்டுகள், பல மொழிகளில், காதலில் நொந்தவர்கள் தாந்தே காதலித்த பியாட்ரிஸுக்கு எழுதியவை. அவள் கல்லறை இதுதான் என்று அங்கே எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதே. அவள் பிறந்த போர்த்தினாரி குடும்பத்தாரின் கல்லறைகள் இங்கே இருப்பது உண்மை. ஆனால் அவள் சிமோனே தெய் பார்தியைக் கட்டிக்கொண்டு 1290 ஜூனில் இறந்தவள். மணமான பெண்ணைப் புகுந்த வீட்டார் கல்லறையில் வைப்பதே அன்றைய வழக்கம். அதனால் சாந்தா குரோசே சர்ச்சில் பார்தி குடும்பத்தாரோடு இருக்கவே வாய்ப்பு அதிகம். தாந்தே கைப்பிடித்த ஜெம்மா தொனாத்தியின் வீட்டாரும் இதே அக்கம்பக்கம்தான். அவர்கள் கல்யாணம் இங்கே நடந்ததாக ஒரு வழிவழிப் பேச்சு உண்டு. கூடைக்கு முன்னால் நிற்கும்போது அந்த ஜெம்மாவையும் நினைத்துக்கொள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்றைக் கவனி. தாந்தே 'வீத்தா நுவோவா' என்ற தன் நூலில் எழுதுகிறார்: ஆராதனையில் பியாட்ரிஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடுவில் இன்னொரு பெண் அமர்ந்திருந்தாள், அவளைத்தான் பார்க்கிறார் என்று ஊர் நினைத்தது. எந்தக் கோவில் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் இவ்வளவு குறுகலான இடத்தில் ஒருவர் பார்வை ஊருக்கு எப்படித் தெரிந்தது என்பது உனக்கே புரியும்.

தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், பையில் ஒரு துப்பட்டா வைத்துக்கொள். சீட்டு எழுதத் தோன்றினால் தமிழிலேயே எழுதிப் போடு. மற்றவர்கள் சீட்டைப் பிரிக்காதே, கண்ணு.

அம்மா