காலிக் கிளாஸ் எடுக்கப் போகிறவனும் மூச்சு விடுகிறான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மதுபானசாலைகளிலும் தனியார் கிளப்புகளிலும் புகைத்தலைத் தடை செய்வது பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அவர் நன்கு கற்றவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அவர் மீது எனக்கு மதிப்பும் உண்டு. ஆயினும், "அங்கத்தவர்கள் தங்கள் பணத்தில் நடத்தும் கிளப்பில் புகைப்பது அவர்கள் விருப்பம்; புகை ஒத்துக்கொள்ளாதவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற அவரது வரி நான்கு நாட்களாக என்னை உறங்க விடவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்ள வழியில்லாமல், மட்டக்களப்பில் அப்படிப்பட்ட ஒரு கிளப்பில் 1997 முதல் 2019 வரை 22 ஆண்டுகள் வெயிட்டராக நின்றவன் நான்.

அந்த மண்டபத்துக்கு வாவிப் பக்கமாக ஐந்து ஜன்னல்கள் இருந்தன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புகை தங்காது. பின்னர் ஏசி பூட்டினார்கள்; ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். அதன் பிறகு மாலை ஏழு மணிக்கு ஊதிய புகை, இரவு பதினொரு மணிக்கு நான் கதிரைகளைக் கவிழ்த்து வைக்கும்போதும் அங்கேயே நிற்கும். மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பழைய மின்விசிறியின் இறக்கைகளைத் துடைப்பேன். வெள்ளைத் துணி சாயத் தண்ணீரில் தோய்த்ததுபோல நிறம் மாறி, விரல்களில் பிசுபிசுவென்று ஒட்டும். நான் வீடு திரும்பினால் என் மனைவி சட்டையை வாசலிலேயே வாங்கி வெளிக்கொடியில் போடுவார், ஏனென்றால் எங்கள் இளைய மகனுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா). இத்தனைக்கும், வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட நான் உதட்டில் வைத்ததில்லை.

ஒரு புதுவருட இரவில் அங்கத்தவர் ஒருவர் என் முகத்துக்கு நேரே புகையை ஊதிவிட்டு, நூறு ரூபாய்த் தாளொன்றை என் சட்டைப் பையில் வைத்தார். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைக்கும்போது இன்றைக்கும் மனம் வலிக்கிறது.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டம் வந்தபோது, இனி எங்களுக்கு விடிவு என்று நம்பினோம். மூடிய பொது இடங்களில் புகைத்தல் கூடாது என்று அச்சட்டம் சொல்வதும், 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகள், 30 பேருக்குக் குறையாமல் அமரக்கூடிய உணவகங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றில் காற்றோட்டமுள்ள தனிப்பகுதி ஒதுக்க அது இடமளிப்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. எங்கள் கிளப்பில் வாசலருகே புகைத்தல் கூடாது என்ற பலகை தொங்கியது. உள்ளே சாம்பல் தட்டுகள் மேசைகளிலேயே இருந்தன. நான் கேட்டபோது, "உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் அங்கத்தவர்கள்தானே" என்று பதில் வந்தது. நான் அங்கத்தவன் அல்லன். சமையலறையில் நின்றவரும், கணக்கு எழுதிய பிள்ளையும் அங்கத்தவர்கள் அல்லர். எங்களை அந்தக் கணக்கில் எவரும் சேர்க்கவில்லை. சட்டம் ஒதுக்க அனுமதிக்கும் அந்தத் தனிப்பகுதிக்குள்ளும், காலியான கிளாஸ்களை எடுக்க ஒருவன் போகத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில்கூட முதலில் தனியார் கிளப்புகளுக்கு விலக்களிக்கவே எண்ணினார்கள் என்று அன்பர் சான்று காட்டுகிறார். அது பாதி உண்மை. உணவு பரிமாறாத மதுபானசாலைகளையும் அங்கத்தவர் கிளப்புகளையும் விட்டுவிடலாம் என்றுதான் அன்றைய அரசு திட்டமிட்டது. ஆனால் 2006 பெப்ரவரி 14ஆம் திகதி பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையில் கட்சிக் கட்டுப்பாடின்றி வாக்களித்த உறுப்பினர்கள், 384க்கு 184 என்ற கணக்கில் கிளப்புகளையும் தடைக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே வேலை செய்பவரின் நுரையீரலும் மற்றவர்களுடையதைப் போன்றதே என்ற வாதம் அந்த விவாதத்தில் பெரிதாக எழுந்தது. 2007 யூலை முதலாம் திகதி இங்கிலாந்தில் தடை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே அயர்லாந்து 2004லும் ஸ்கொட்லாந்து 2006லும் தடையைக் கொண்டுவந்திருந்தன. ரோய் காசில் என்ற பிரித்தானியக் கலைஞர் புகைக்காதவர். புகை மண்டிய கிளப்புகளில் ஆண்டுக்கணக்கில் டிரம்பெட் ஊதியதே தமது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு 1994இல் இறந்தார். அவரைப் பற்றி வாசித்தபோது எனக்கு என் கூத்து நினைவு வந்தது.

நான் எங்கள் ஊர்க் கோவில் களரியில் (கூத்து மேடையில்) வடமோடி என்னும் நாட்டுக்கூத்து ஆடியவன். பாடிக்கொண்டே ஆடவேண்டும் என்பதால் மூச்சுத்தான் அங்கே முதல். முப்பது வயதில் அருச்சுனன் வேடம் கட்டி, மேடைக்கு வரும்போது ஆடும் வரவாட்டம் முடித்த கையோடு தரு என்ற பாட்டை ஒரே மூச்சில் எடுத்துக்கொடுத்தவன், கடைசியாகக் களரி ஏறிய ஆண்டில் பாதி அடியில் நின்றுவிட்டேன். பிற்பாட்டுக்காரர்கள் மிச்சத்தைப் பாடி முடித்தார்கள். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. மத்தளத்தை மட்டும் மெதுவாக்கினார். பின்னர் கிளினிக்கில் வைத்தியர், "நாளுக்கு எத்தனை சிகரெட்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் மறுபடியும் கேட்டார்.

பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்றும், காற்றோட்ட வசதியால் அதை முற்றாக நீக்க இயலாது என்றும் அமெரிக்கத் தலைமை மருத்துவர் 2006இலேயே அறிக்கையிட்டுவிட்டார். இதன் பிறகும் "விருப்பம்" என்ற சொல்லை அன்பர் அங்கத்தவர்களுக்கு மட்டுமே உரியதாக எழுதுவது எனக்குப் பெரிய மனவருத்தம்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டே. கிளப்புகளைப் பரிசோதிக்க வரும் அதிகாரிகள் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அப்போது மண்டபம் கழுவித் துடைத்திருக்கும், சாம்பல் தட்டுகள் அலுமாரிக்குள் இருக்கும். இரவு எட்டு மணிக்குப் பின் ஒருமுறை வரும்படி தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்பரின் கடிதம் வெளிவந்த அதே பக்கத்தில் இதையும் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வெயிட்டர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.