செடியும் நம்மள மாதிரிதான் மூச்சு விடுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மாணவர்களுக்குன்னு வர்ற பக்கத்துல செடிகளைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. படமெல்லாம் அருமையா இருந்துச்சு, ஆனா அதுல ஒரு வரி மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. நாம ஆக்ஸிஜனை இழுத்து கார்பன் டை ஆக்ஸைடை விடுறோமாம், செடி அப்படியே தலைகீழா சுவாசிக்குதாம். உங்க பேப்பர்ல மட்டும் இல்ல, நிறைய படிச்சவங்களே இப்படித்தான் நம்பிட்டு இருக்காங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

செடி தலைகீழா எல்லாம் சுவாசிக்கல சார். பகல், ராத்திரின்னு இல்லாம வேர், தண்டு, இலை, பூ, காய்னு உசுரு இருக்கிற ஒவ்வொரு செல்லும் ஆக்ஸிஜனை எடுத்து, சர்க்கரையை உடைச்சு அதுல இருந்து சக்தி எடுத்துக்கிட்டு கார்பன் டை ஆக்ஸைடை வெளிய விடுது. இந்த வேலையில முக்கால்வாசி நடக்கிறது செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியாங்கிற குட்டி உறுப்புல, அது நம்ம செல்லுலயும் இருக்கு, செடியோட செல்லுலயும் இருக்கு. நமக்கு நுரையீரல், மீனுக்கு செவுள், பூச்சிக்கு உடம்போட பக்கவாட்டுல வரிசையா சின்னச் சின்ன ஓட்டை, மண்புழுவுக்கு ஈரமான தோல், செடிக்கு இலைத்துளை, இதெல்லாம் காத்து உள்ள வர்றதுக்கான வழி மட்டும்தான். வழிதான் வேற வேற, உள்ள நடக்கிறது ஒரே வேலை.

அப்ப ஆக்ஸிஜன் வருதேன்னு கேப்பீங்க. அது ஒளிச்சேர்க்கை, சாப்பாடு தயார் பண்ற வேலை, அதுக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் இல்ல. வெளிச்சம் இருக்கும்போது, பச்சையம் இருக்கிற இடத்துல மட்டும்தான் அது நடக்கும். நல்ல வெயில்ல அந்த வேலை ரொம்ப வேகமா நடக்கிறதால செடி மூச்சு விட்டு வர்ற கார்பன் டை ஆக்ஸைடும் உள்ளயே செலவாயிடுது, வெளிய இருந்து பாக்குற நமக்கு ஆக்ஸிஜன் வர்றது மட்டும்தான் தெரியுது. இன்னொண்ணு, கார்பன் டை ஆக்ஸைடைத்தான் செடி ஆக்ஸிஜனா மாத்துதுன்னும் எழுதுறாங்க, அதுவும் சரியில்ல, அந்த ஆக்ஸிஜன் தண்ணியில இருந்து வருது. எடை கூடின ஆக்ஸிஜன் அணு சேர்ந்த தண்ணியைக் கொடுத்து 1941-லயே ரூபன், கேமன்ங்கிற விஞ்ஞானிங்களோட குழு இதைக் காட்டிட்டாங்க.

ராத்திரியில செடி காத்தைக் கெடுக்குதுன்னு யான் இங்கன்ஹவுஸ்ங்கிற டச்சு டாக்டர் 1779-லயே எழுதி வச்சிட்டார். இலையைத் தண்ணியில முக்கி வெளிச்சத்துல வச்சா குமிழி வருது, இருட்டுல வச்சா நின்னுடுதுன்னு பாத்தவர் அவர், பச்சையா இல்லாத பாகம் பகல்லயும் நம்மள மாதிரியே காத்தைக் கெடுக்குதுன்னும் கவனிச்சிருக்கார். ஆனா இதைக் கேட்டுட்டு பெட்ரூம்ல இருக்கிற தொட்டிச் செடியைத் தூக்கி வெளிய வைக்க வேண்டாம். நாம விடுற மூச்சுல கார்பன் டை ஆக்ஸைடு கிட்டத்தட்ட 4 சதவீதம், சாதாரண காத்துல இருக்கிறது 0.04 சதவீதம்தான், பக்கத்துல ஒரு ஆள் படுத்திருந்தா அவர் விடுற அளவுக்கு முன்னாடி நாலஞ்சு தொட்டிச் செடி விடுறது ஒண்ணுமே இல்ல.

இதுல என்ன வந்துடப் போகுது, வெறும் பரீட்சை விஷயம்தானேன்னு நினைச்சுடாதீங்க. வேர் மூச்சு விடும்ங்கிறது தெரியாமதான் எத்தனையோ பேர் ஆசையா வளர்க்கிற செடியைத் தண்ணி ஊத்தி ஊத்தியே சாகடிக்கிறாங்க. மண்ணுத் துகளுக்கு நடுவுல இருக்கிற சந்துல காத்து இருக்கணும், அந்தச் சந்து பூராவும் தண்ணி நின்னுட்டா வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது, ஆக்ஸிஜன் இல்லாத வேரால தண்ணியை உறிஞ்ச முடியாது, மண்ணு சொதசொதன்னு இருக்கும்போதே இலை வாடித் தொங்கும், அதைப் பாத்துட்டு தண்ணி பத்தலைன்னு இன்னும் ஒரு குடம் ஊத்துவாங்க. புடுங்கிப் பாத்தா வேர் கறுத்து கொழகொழன்னு இருக்கும், நாத்தம் வரும். தொட்டிக்கு அடியில ஓட்டை போடுறதும், மண்ணைக் கிளறி விடுறதும் தண்ணி வடியுறதுக்கு மட்டும் இல்ல, வேர் மூச்சு விடவும்தான்.

உங்க மாணவர் பக்கத்துல ஒரு சோதனை போடுங்க, பிள்ளைங்க தாங்களே பாத்துக்கட்டும். ரெண்டு தெர்மாஸ் ஃபிளாஸ்க், ஊறவச்சு முளைவிட ஆரம்பிச்ச பட்டாணி, ரெண்டு தெர்மாமீட்டர், கொஞ்சம் பஞ்சு போதும். ஒண்ணுல உசுரோட இருக்கிற விதை, இன்னொண்ணுல கொதிக்க வச்சு ஆறவச்ச விதை. தெர்மாமீட்டரைச் சொருகி வாயைப் பஞ்சால அடைச்சு வச்சுட்டா, ரெண்டொரு நாள்ல முளைக்கிற விதை இருக்கிற ஃபிளாஸ்க்ல சூடு ஏறியிருக்கும். நம்ம உடம்பு கதகதப்பா இருக்கே, அதே காரணம்தான், சர்க்கரையை உடைக்கும்போது சக்தியில ஒரு பங்கு சூடாப் போயிடுது. ஒண்ணே ஒண்ணை மறக்காம போடுங்க, ரெண்டு பக்க விதையையும் கிருமிநாசினியில கழுவிட்டுத்தான் போடணும், இல்லைன்னா செத்த விதையில பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து அதுங்க விடுற மூச்சுலயே அந்த ஃபிளாஸ்க்கும் சூடாயிடும், பிள்ளைங்க குழம்பிடுவாங்க.

அந்தத் தலைகீழ் வரிக்குத் திருத்தமும் இந்தச் சோதனையும் ஒரே வாரத்துல, அதே பக்கத்துலயே வந்தா நல்லா இருக்கும். திருத்தத்தை எங்கயோ ஒரு மூலையில போட்டா கட்டுரையைப் படிச்ச பிள்ளைங்க கண்ணுல அது படவே படாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி